என்ன நோய்னே தெரியலைங்க!

ஐ.சி.யூ. கதவுக்கு வெளியே காத்திருக்கும் கணவன் மனைவிகள்... கொங்கு மண்டலத்திலிருந்து ஒரு சிறப்புப் பார்வை

மாலை பார்வையாளர் நேரம் நெருங்கினால் போதும். கோவை அவிநாசி சாலையில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ. தளத்துக்குப் போனாலும் இதே கூட்டம்தான். நாற்காலி கிடைத்தவர்கள் நாற்காலியில், கிடைக்காதவர்கள் சுவரோரம் குத்தவைத்து. ஆளுக்கொரு துணிக்கடைப் பை. அதற்குள் ஒரு துண்டு, தண்ணீர் பாட்டில், மடங்கிப்போன ஸ்கேன் உறை. அன்னூர், பல்லடம், தாராபுரம், கோபி, பாலக்காடு என்று எல்லா ஊர்ப் பேச்சும் காதில் விழும். கதவு பாதி திறக்க, நர்ஸ் தலையை நீட்டி, "பதினாலாம் பெட் அட்டெண்டர் யாருங்க?" என்பார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகியபடி ஒரு பெண் எழுந்து போவார். உள்ளே ஐந்து நிமிடம்தான். வெளியே வந்ததும் மாமியார், கொழுந்தனார், பக்கத்துத் தோட்டத்துக்காரர் என எல்லோரும் சூழ்ந்துகொண்டு ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "டாக்டர் என்ன சொன்னாங்க?"

"ரிப்போர்ட் வரணுமாம். என்ன நோய்னே தெரியலைங்க."

மாரடைப்பு என்றால் ஊருக்கே வழி தெரியும். ஆஞ்சியோ, ஸ்டென்ட், சில நாளில் வீடு. எலும்பு முறிந்தால் எந்த ஆஸ்பத்திரி என்று பஸ் கண்டக்டர்கூடச் சொல்லிவிடுவார். இது அப்படியில்லை. முந்தாநாள் வரை தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சியவர், நேற்று வரை பனியன் கம்பெனியில் ஓவர்லாக் ஓட்டியவர், இன்று வென்டிலேட்டரில். சர்க்கரை கிடையாது, பி.பி. கிடையாது. ரத்தம், முதுகுத்தண்டு நீர், ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று. டாக்டர் கையை விரிக்கவும் இல்லை, உறுதி சொல்லவும் இல்லை. "பார்க்கலாம்" என்கிறார்.

அந்தப் 'பார்க்கலாம்' நாட்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. காப்பீட்டுப் படிவமானாலும், இ.எஸ்.ஐ. சான்றானாலும், கம்பெனி லீவானாலும், ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து நிற்கும் சொந்தபந்தமானாலும் முதலில் கேட்பது நோயின் பெயரை. பெயர் கிடைக்காதவரை மொத்தப் பாரமும் ஒரே ஆள் தலையில் இறங்குகிறது. கணவர் படுத்தால் மனைவி. மனைவி படுத்தால் கணவர். நோயாளிக்காவது கட்டில் உண்டு. அந்த ஆளுக்கு என்ன ஏற்பாடு இருக்கிறது என்று தேடிப் பார்த்தால், பெரிதாக ஒன்றுமில்லை.

கண்டுபிடிக்க ஏன் இத்தனை நாள்?

'தெரியவில்லை' என்பதற்கும் மருத்துவத்தில் ஓர் இலக்கணம் உண்டு. 1961-இல் பீட்டர்ஸ்டார்ஃப், பீசன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் வகுத்தது. 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்க வேண்டும், ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் தேடியும் காரணம் அகப்படக் கூடாது. அதுதான் 'காரணம் தெரியாத காய்ச்சல்'. நம் நாட்டில் இப்படித் தேடும்போது அடிக்கடி பிடிபடுவது நுரையீரலுக்கு வெளியே எங்கோ ஒளிந்திருக்கும் காசநோய். ஆடு மாடு வளர்க்கும் வீடுகளில் புருசெல்லா கிருமி. அது காய்ச்சாத பால் வழியாகவும், கன்று ஈனும்போது கை வைப்பதாலும் வரும். எல்லாம் பார்த்த பிறகும் ஒரு பகுதி நோயாளிகளுக்குக் காரணம் தெரியாமலே போகிறது. காய்ச்சல் தானாக இறங்கிவிடுவதும் உண்டு.

மூன்று வாரம் காத்திருக்க அவகாசம் தராத நோய்கள்தான் ஐ.சி.யூ. வாசலில் குடும்பங்களை உட்கார வைப்பவை. அவற்றில் ஒன்று, மலையடிவாரத்து ஊர்களில் வரும் உண்ணிக் காய்ச்சல். கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வருவது. புதர், களை, எலி நடமாட்டம் உள்ள இடம் அதன் இருப்பிடம். கடித்து ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் காய்ச்சல் தொடங்கும். கவனிக்காவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், ஈரல், மூளை என ஒவ்வொன்றாகப் பழுதாக்கும். 2025 ஜனவரியில் தமிழகப் பொது சுகாதாரத் துறை இதற்காகவே எச்சரிக்கை விடுத்தது. எரிச்சல் என்னவென்றால், மருந்து சில ரூபாய் மாத்திரை: டாக்சிசைக்ளின். சந்தேகம் வந்து கொடுத்துவிட்டால் பெரும்பாலும் இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கும். முற்றிய நிலையில் டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து ஊசியாகப் போடுவது தனித்தனியாகப் போடுவதைவிட நல்லது என்று 2023-இல் நிரூபித்ததும் வேலூர் சி.எம்.சி. முன்னின்று இந்திய மருத்துவமனைகளில் சுமார் 800 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வுதான்.

இன்னொன்று கில்லன் பாரே. 1916-இல் பிரெஞ்சு ராணுவ மருத்துவர்கள் விவரித்த நரம்பு நோய். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் படை, வழி தவறித் தன் நரம்புகளையே தாக்குகிறது. காலில் மதமதப்பு தொடங்கும், மாடிப்படி ஏற முடியாது, பிறகு கை, பிறகு மூச்சு. எல்லாம் சில நாட்களில். 2025 தொடக்கத்தில் புனேயில் 200 பேருக்கு மேல் தாக்கியபோதுதான் இந்தப் பெயர் நம் டீக்கடை வரை வந்தது. அங்கே மாசுபட்ட குடிதண்ணீரும் கேம்பிலோபேக்டர் கிருமியும் காரணமாகப் பேசப்பட்டன.

மூன்றாவதுதான் குடும்பங்களை ரொம்பவும் குழப்புவது. நேற்று வரை இயல்பாக இருந்த மனைவி திடீரென்று தூங்காமல் பேசிக்கொண்டே இருக்கிறார், ஆளைத் தெரியவில்லை, வாய் கோணுகிறது, வலிப்பு. "காத்துக் கருப்பு அண்டிருச்சு" என்று வேப்பிலை அடித்து, மந்திரித்துக் கயிறு கட்டி, பிறகு மனநல மருத்துவர், கடைசியில் ஐ.சி.யூ. மூளையைத் தாக்கும் இந்தத் தன்னெதிர்ப்பு அழற்சியை ஜோசப் டால்மவ் என்ற நரம்பியல் மருத்துவர் குழு 2007-இல்தான் அடையாளம் கண்டது. இளம்பெண்களிடம் அதிகம். சிலருக்குச் சினைப்பையில் இருக்கும் சிறு கட்டிதான் மூலகாரணம். சரியான சிகிச்சை கிடைத்தால் ஐந்தில் நான்கு பேர் இரண்டு வருடத்துக்குள் நன்றாகத் தேறுகிறார்கள். இருபது வருடத்துக்கு முன்பு இதே நிலையில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

சாட்சி சொல்ல வேண்டியவர்

இந்த மூன்றிலும் ஒரு பொது அம்சம். கருவிகள் கண்டுபிடிப்பதற்கு முன்பே துப்பு கிடைத்துவிட வாய்ப்புண்டு. அந்தத் துப்பு இருப்பது உடன் வாழ்ந்தவரிடம்.

உண்ணிக் காய்ச்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு ஒன்று உண்டாகும், சிகரெட்டால் சுட்ட மாதிரி. வலிக்காது, அரிக்காது. நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, பாவாடை நாடாவோ வேட்டியோ இறுகும் இடுப்பு என்று துணி மூடும் இடங்களில்தான் இருக்கும். டாக்டர் அவசரத்தில் விட்டுவிடலாம். உடம்பு துடைத்துவிடும் மனைவியின் கண்ணில் படும். பட்டால், 'ஏதோ கொப்புளம்' என்று விட்டுவிடாமல் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியம் பல ஆயிரம் ரூபாய்ப் பரிசோதனைகளுக்குச் சமம்.

'இரண்டு வாரத்துக்கு முன்னால் எங்கே போனார்?' என்ற கேள்வியும் அப்படித்தான். வெள்ளியங்கிரி மலை ஏறினாரா? தோப்பில் களை வெட்டினாரா? சாளையில் தரையில் படுத்தாரா? மருந்து அடித்தாரா, அடித்துவிட்டுக் கை கழுவினாரா? மெடிக்கலில் சொல்லி ஊசி ஏதாவது போட்டுக்கொண்டாரா? வைத்தியரிடம் லேகியம் வாங்கிச் சாப்பிட்டாரா? பேதி ஏதும் போனதா? (கில்லன் பாரேவுக்கு முன்னால் பலருக்கு வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்து போயிருக்கும்.)

இங்கேதான் சிக்கல். இந்தக் கேள்விகளை டாக்டர் கேட்பது வராண்டாவில், பத்துப் பேர் நடுவில். பதில் சொல்வது பெரும்பாலும் மனைவி இல்லை. மாமனாரோ, பங்காளி வீட்டு அண்ணனோ, ஊரில் 'விவரமானவர்' என்று பெயரெடுத்த ஒருவரோ முந்திக்கொள்கிறார். "குடிப்பாருங்களா?" என்று டாக்டர் கேட்டதும், "சேச்சே, அந்தப் பழக்கமெல்லாம் எங்க வீட்டுல கிடையாதுங்க" என்று குரல் வரும். உண்மை தெரிந்தவர் பின்னால் தலை குனிந்து நிற்பார். பூச்சிமருந்து குடித்திருக்கலாமோ என்ற சந்தேகம் வந்தால் கேட்கவே வேண்டாம். மானம் முன்னுக்கு வந்துவிடும், உயிர் பின்னுக்குப் போய்விடும். "டாக்டர், உங்ககிட்டத் தனியா ஒரு நிமிஷம் பேசணுங்க" என்று சொல்லும் தைரியம் அந்தப் பெண்ணுக்கு வர வேண்டும். வராவிட்டால், தனியே கூப்பிட்டுக் கேட்கும் பொறுமை டாக்டருக்கு வேண்டும்.

மனைவி படுத்தால் கதை வேறு. அட்டெண்டர் நாற்காலியில் கணவர் இருப்பார். கேள்வி ஒவ்வொன்றுக்கும் ஊருக்கு போன் போடுவார். என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? "ஏதோ தைராய்டுன்னு சொல்லுவா." எடை எவ்வளவு? மருந்தின் அளவே அதை வைத்துத்தான், தெரியாது. கடைசியாக மாதவிலக்கு எப்போது? முகம் சிவக்கும். தலைவலி எத்தனை நாளாக? மனைவி சொல்லித்தான் இருப்பார். காதில் வாங்கியிருக்க மாட்டார். இருபது வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் மகளிடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கொங்கு நாட்டு ஆண்களைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மதுரையிலும் இதே கதைதான்.

> பெட்டிச் செய்தி: ஒரு நாற்பது பக்க நோட்டு
>
> ஐ.சி.யூ. வாசலில் உட்காரும் முதல் நாளே ஒரு நோட்டு வாங்கிவிடுங்கள். முதல் பக்கத்தில் முதல் அறிகுறி எந்தத் தேதி, எந்த நேரம், பிறகு என்னென்ன என்று வரிசையாக. அடுத்த பக்கத்தில் சாப்பிடும் எல்லா மாத்திரையும். அட்டையையே போட்டோ எடுத்து வைப்பது இன்னும் நல்லது. அலர்ஜி, பழைய ஆபரேஷன், கடைசி ஒரு மாதப் பயணம், வீட்டு ஆடு மாடு நாய்.
>
> அதன் பிறகு தினம் ஒரு பக்கம்: எந்த டாக்டர் வந்தார், என்ன சொன்னார், எந்த ரிப்போர்ட் பாக்கி.
>
> ஐரோப்பிய ஐ.சி.யூ.க்களில் நர்ஸும் குடும்பமும் சேர்ந்து நோயாளிக்காக நாட்குறிப்பு எழுதும் வழக்கம் இருக்கிறது. நினைவு தப்பிக் கிடந்த நாட்களை நோயாளி பிறகு படித்துத் தெரிந்துகொள்கிறார். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் இதனால் குறைவதாக 2010-இல் வெளிவந்த ஆய்வு சொன்னது.

நோட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. பிரான்சில் 2000-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், ஐ.சி.யூ. நோயாளிகளின் குடும்பத்தினரில் பாதிப் பேருக்கு டாக்டர் சொன்னது சரியாகப் புரியவில்லை என்று தெரிந்தது. டாக்டர் தமிழில்தான் பேசுகிறார், நாம் தலையாட்டவும் செய்கிறோம். ஆனால் லிஃப்ட் வரை வருவதற்குள் பாதி மறந்துபோகிறது. எழுதிக்கொண்டே கேட்டால் டாக்டரும் கொஞ்சம் நிதானமாகப் பேசுவார்.

பெயர் கேட்கும் படிவங்கள்

கில்லன் பாரேவுக்குத் தரும் ஐ.வி.ஐ.ஜி. என்ற ஊசி மருந்தின் கணக்கைப் பாருங்கள். கிலோவுக்கு 2 கிராம், வழக்கமாக ஐந்து நாளில் பிரித்துப் போடுவார்கள். 60 கிலோ ஆளுக்கு 120 கிராம். 5 கிராம் குப்பியென்றால் 24 குப்பி. புனேயில் அப்போது ஓர் ஊசியின் விலை 20,000 ரூபாய் வரை என்று செய்திகள் வந்தன. வென்டிலேட்டர், ஐ.சி.யூ. வாடகை, பரிசோதனைகள் எல்லாம் தனி.

2017-18-இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வின்படி, ஒருமுறை அட்மிட் ஆனால் ஆகும் சராசரிச் செலவு அரசு மருத்துவமனையில் 4,452 ரூபாய், தனியாரில் 31,845 ரூபாய். ஐ.சி.யூ.வில் படுத்தவர்களுக்கு இந்தச் சராசரி கேலியாகத் தெரியும்.

காப்பீடு இருப்பவர்களுக்கும் பெயர்ச் சிக்கல் விடாது. தனியார் மருத்துவக் காப்பீடுகளில் பொதுவாக உள்ள விலக்குகளில் ஒன்று, 'பரிசோதனைக்காகவும் கண்டறிவதற்காகவும் மட்டுமே அட்மிட் ஆனால் பணம் கிடையாது' என்பது. நோயே பிடிபடாத நிலையில் ஏஜென்ட் இந்த வரியைக் காட்டினால் பயந்துவிட வேண்டாம். காய்ச்சல், மூச்சுத்திணறல், நினைவிழப்பு என்று சிகிச்சை நடந்துகொண்டிருக்கும் நோயாளி 'பரிசோதனைக்கு மட்டும்' வந்தவர் ஆக மாட்டார். என்ன அறிகுறி, என்ன சிகிச்சை ஓடுகிறது என்று டாக்டர் தெளிவாக எழுதிக் கொடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காப்பீட்டு மேசையில் இருப்பவர் அவசரமாக 'விசாரணைக்காக' என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் அலைச்சல் நமக்கு.

இ.எஸ்.ஐ.யிலும் இதே கூத்து. திருப்பூர், கோவைத் தொழிலாளிகளுக்கு இது பெரிய துணைதான், மறுக்கவில்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு உண்டு. சிங்காநல்லூரில் பெரிய ஆஸ்பத்திரியே இருக்கிறது. நோயில் படுத்தால் வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அதற்கு மேலும் நீடித்தால் 80 சதவீதம், இரண்டு வருடம் வரை. ஆனால் அது 34 நோய்கள் கொண்ட ஒரு பட்டியலில் இருந்தால்தான். பட்டியலில் ஏற வேண்டுமானால் முதலில் பெயர் வேண்டும். அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று: இதெல்லாம் படுத்தவருக்கு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் துணையும் வேலைக்குப் போகாமல்தானே இருக்கிறார்? அவருடைய சனிக்கிழமைச் சம்பளத்தை எந்தத் திட்டமும் ஈடு செய்வதில்லை.

> பெட்டிச் செய்தி: கையில் இருக்க வேண்டியவை
>
> முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு: குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று தேவை. சந்தேகங்களுக்கு 1800 425 3993. அட்டை இல்லாதவர்கள் நோய் வந்த பிறகு ஓடுவதைவிட இந்த வாரமே கலெக்டர் ஆபீஸ் போய்விடலாம்.
>
> தனியார் காப்பீடு: காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024 மே மாதச் சுற்றறிக்கைப்படி, கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜின்போது மூன்று மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல் தர வேண்டும். அதைத் தாண்டித் தாமதமானால் ஆஸ்பத்திரியில் கூடும் செலவு கம்பெனி தலையில்.

கோழி காத்திருக்காது

கொங்கு வீடுகளில் கணவன் மனைவி என்பது குடும்பம் மட்டுமல்ல, தொழில் கூட்டும்கூட. சோமனூர்ப் பக்கம் கூலிக்குத் தறி ஓட்டும் வீட்டில் ஒருவர் தறியைப் பார்த்தால் ஒருவர் ஊடை எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு ஆள் படுத்தால் பாவு பாதியில் நிற்கும். பல்லடத்தில் கறிக்கோழிப் பண்ணை வைத்திருப்பவருக்கோ பாதியில் நிறுத்தும் வசதிகூட இல்லை. குஞ்சு இறக்கிவிட்டால் சுமார் நாற்பது நாள் அது தின்னும், தண்ணீர் குடிக்கும், வெயில் ஏறினால் சாகும். கம்பெனிக்குக் கணக்கு கொடுத்தாக வேண்டும். பால் மாடு இன்னும் மோசம். காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்ற வேண்டும். பழகிய கை இல்லாவிட்டால் சில மாடுகள் மடி இறக்காது. ஐ.சி.யூ. வாசலில் இருக்கும் மனைவியிடம் கொழுந்தனார் போனில் கேட்பது கணவரின் நிலவரம் மட்டுமல்ல, "செவலை கறக்க விட மாட்டேங்குது, என்ன செய்யறது அண்ணி?"

பிறகு கடன். குழுக் கடனுக்கு வாரத் தவணை. சீட்டுக்கு மாதத் தவணை. குழுத் தலைவி வீட்டு வாசலில் வந்து உட்காருவார். கட்டாய வசூலைத் தடுக்க 2025-இல் தமிழக அரசு சட்டமே கொண்டுவந்தது. ஆனால் ஒரே தெருவில் இருக்கும் பத்துப் பெண்கள் ஒருவருக்கொருவர் ஜாமீன் என்ற ஏற்பாட்டில், சட்டத்தைவிட அக்கம்பக்கத்து முகம்தான் பெரிதாக உறுத்தும்.

கணவர் படுத்தால் முதலில் போவது மனைவியின் கழுத்து, காது, கை. நகைக் கடன் ஒரு மணி நேர வேலை. மனைவி படுத்தால்? நகை பீரோவில்தான் இருக்கிறது. சாவி எந்தப் புடவை மடிப்பில் என்பது ஐ.சி.யூ.வில் கண் மூடிக் கிடப்பவருக்கு மட்டுமே தெரியும்.

யார் கையெழுத்துப் போடுவது?

ஆஸ்பத்திரியில் நீட்டுகிற காகிதத்திலெல்லாம் 'உறவு' என்ற கட்டத்தில் மனைவி அல்லது கணவர் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். சட்டம் இதில் நாம் நினைப்பதுபோல் இல்லை. நோயாளி சுயநினைவோடு இருக்கும் பெரியவர் என்றால், அவருடைய சம்மதம்தான் சம்மதம். 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அந்த வழக்கில் மயக்கத்தில் இருந்த மகளுக்காகத் தாய் கொடுத்த சம்மதம்கூட, அவசரம் இல்லாத அறுவை சிகிச்சைக்குச் செல்லாது என்றானது. நினைவு இல்லாத நிலையில் உயிர் காக்கும் சிகிச்சை என்றால் நெருங்கிய உறவின் கையெழுத்து போதும். அதுவும் கிடைக்காவிட்டால் டாக்டர் காத்திருக்கத் தேவையில்லை.

சிகிச்சையோடு முடிந்தால் பரவாயில்லை. கணவர் மாதக் கணக்கில் கோமாவில் கிடக்கிறார், பணம் அவர் பெயரில் பேங்க்கில் இருக்கிறது, நிலம் அவர் பெயரில் இருக்கிறது. மனைவியால் ஒரு ரூபாய் எடுக்க முடியாது. மைனர் குழந்தைக்குப் பாதுகாவலர் நியமிக்கச் சட்டம் இருக்கிறது. கோமாவில் இருக்கும் பெரியவருக்கு? தனிச் சட்டமே கிடையாது.

சென்னையில் 2024-இல் இப்படித்தான் ஒரு பெண் உயர் நீதிமன்றப் படி ஏறினார். கோமாவில் இருக்கும் கணவருக்குத் தன்னைப் பாதுகாவலராக நியமிக்க வேண்டும், சிகிச்சைக்கும் குடும்பத்துக்கும் அவர் சொத்தை விற்க அனுமதிக்க வேண்டும் என்று கேட்டார். தனி நீதிபதி, சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்றார். மேல்முறையீட்டில் நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், பி.பி.பாலாஜி அமர்வு அந்த உத்தரவை மாற்றியது. கோமாவில் இருப்பவரைப் பார்த்துக்கொள்வது சாதாரணக் காரியமல்ல, அதற்குப் பணம் வேண்டும், மொத்தச் சுமையையும் தூக்கும் மனைவியைச் சிவில் கோர்ட்டுக்கு அலையவிடுவது முறையல்ல என்ற பார்வையோடு அவரைப் பாதுகாவலராக நியமித்தது. விற்ற பணத்தில் ஒரு பகுதியைக் கணவர் பெயரில் வைப்பாகப் போட வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. இதற்கு முன்பே 2019-இல் கேரள உயர் நீதிமன்றம், சோபா கோபாலகிருஷ்ணன் வழக்கில், இப்படிப்பட்ட மனுக்களை எப்படி விசாரிக்க வேண்டும் என்று நெறிமுறைகளே வகுத்தது: மருத்துவக் குழு அறிக்கை, வருவாய்த் துறை விசாரணை, மற்ற வாரிசுகளின் சம்மதம் என்று.

நல்ல தீர்ப்புகள். ஆனால் தாராபுரத்துக்காரர் ஒருவர் வக்கீல் பிடித்துச் சென்னை போய் ரிட் போட்டு வாங்குவதற்குள் என்னென்ன நடந்துவிடும்? சட்டமன்றமோ நாடாளுமன்றமோ செய்ய வேண்டியதை நீதிமன்றம் ஒவ்வொரு மனைவிக்கும் தனித்தனியாகச் செய்துகொண்டிருக்கிறது. அதுவரை, கணக்கை 'இருவரில் ஒருவர்' என்று கூட்டுக் கணக்காக மாற்றி வைப்பது பத்து நிமிட வேலை. நினைவு இருக்கிறது, கையெழுத்துதான் போட முடியவில்லை என்றால், பேங்க் அதிகாரி ஒருவர் உட்பட இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கைரேகையோ கால் பெருவிரல் ரேகையோ வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. மேனேஜருக்கே சில சமயம் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கும்.

> பெட்டிச் செய்தி: கேட்டு வாங்கலாம்
>
> சிகிச்சை ஆவணங்களின் நகலைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002 மருத்துவக் கவுன்சில் விதி. இரண்டாவது டாக்டரின் கருத்தைக் கேட்பது நோயாளி உரிமைச் சாசனத்தில் உள்ள உரிமை. அதற்காக யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. பணம் பாக்கி என்பதற்காக நோயாளியையோ உடலையோ நிறுத்தி வைக்கவும் கூடாது.
>
> தனியாரில் கட்டுப்படியாகாமல் கோவை அரசு மருத்துவமனைக்கு மாற்றுவது என்று முடிவெடுத்தால், பணம் முழுவதும் தீர்ந்த பிறகு எடுக்காதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் படங்கள், பாக்கி ரிப்போர்ட்டுகளின் பட்டியல் மூன்றும் கையில் இருக்கட்டும். அங்கே மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் நாள்தான் வீண்.

பார்க்க வருபவர்கள்

சொந்தம் பார்க்க வருவது நம் ஊர்ப் பெருமை. வராமல் போனால் காலத்துக்கும் சொல்லிக் காட்டுவார்கள். ஆனால் வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளிலிருந்து கதையை ஒப்பிக்க வேண்டியவர் யார்? அதைக் கேட்ட பிறகு வருகிற யோசனைகள் வேறு. "எங்க பெரியப்பா பையனுக்கு இப்படித்தான்... கேரளாவுல ஒரு வைத்தியர்..." "கோயில்ல பூக் கேட்டீங்களா?" பூக் கேட்பதில் தப்பில்லை. சிவன்மலைக்கு வேண்டிக்கொள்வதும் அவரவர் நம்பிக்கை. கை நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு அது ஒரு பிடி. ஓடிக்கொண்டிருக்கும் மருந்தை நிறுத்தச் சொல்வதும், ட்யூப் வழியாகக் கஷாயம் ஊற்றச் சொல்வதும்தான் ஆபத்து. சில குடும்பங்கள் இப்போது நல்ல வழி கண்டிருக்கின்றன. தம்பியோ மருமகனோ ஒருவர் பொறுப்பெடுத்து, தினம் இரவு வாட்ஸ்அப் குரூப்பில் நாலு வரி போடுகிறார். மனைவிக்கு போன் போடக் கூடாது என்பது கட்டளை. சாப்பாடு கொண்டுவருபவர், ஆடு மாடு பார்ப்பவர், பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்புபவர் என்று வேலை பிரிகிறது. ஆப்பிள் கிலோவுக்குப் பதிலாக அந்தக் காசைக் கவரில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் வர ஆரம்பித்திருக்கிறார்கள். மொய் எழுதிப் பழகிய ஊருக்கு இது புதிதல்லவே.

உட்கார்ந்திருப்பவரின் உடம்பு

2006-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக நிக்கலஸ் கிறிஸ்டாகிஸ், பால் ஆலிசன் என்ற இருவர் அமெரிக்காவில் 5,18,240 முதிய தம்பதிகளின் மருத்துவப் பதிவுகளை வருடக் கணக்கில் பின்தொடர்ந்தார்கள். ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் மற்றவர் இறக்கும் அபாயம் கூடுகிறது என்பது முடிவு. எந்த நோய் என்பதையும் அது பொறுத்திருந்தது. பெருங்குடல் புற்றுநோய் என்றால் துணையின் அபாயம் ஏறக்குறைய கூடவில்லை. மனநோய், மறதி நோய் என்றால் நன்றாகவே கூடியது. புற்றுநோயைவிட ஆளை மாற்றிவிடும் நோய்தான் கூட இருப்பவரை உருக்குகிறது.

பிரான்சிலேயே 2005-இல் வந்த இன்னோர் ஆய்வில், ஐ.சி.யூ. முடிந்து மூன்று மாதம் ஆன பிறகும் குடும்பத்தினரில் மூன்றில் ஒருவருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலின் அறிகுறிகள் இருந்தன. தூக்கத்தில் மானிட்டர் சத்தம் கேட்டு எழுவது, போன் அடித்தால் படபடப்பு, ஆம்புலன்ஸ் பார்த்தால் கை சில்லிடுவது. பாலின் பாஸ் என்ற அமெரிக்கக் குடும்பநல அறிஞர் இன்னொரு நிலையைப் பல வருடம் ஆராய்ந்தவர். ஆள் கண்ணெதிரே இருக்கிறார், ஆனால் நம்மிடம் இல்லை. அழுதால் 'என்ன அபசகுனம்' என்பார்கள். சிரித்தால் 'நெஞ்சழுத்தம்' என்பார்கள். துக்கம் விசாரிக்க முறை இருக்கிறது. இந்த நடுவாந்திர நிலைக்கு எந்த முறையும் இல்லை.

வராண்டாவில் பேசிப் பாருங்கள். தனக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்து ஒரு வாரம் ஆகிறது என்பார்கள். மதியச் சாப்பாடு டீயும் வர்க்கியும்தான் என்பார்கள். "எனக்கென்னங்க, அவரு எந்திரிச்சாப் போதும்." இந்தப் பேச்சைத் தியாகம் என்று மெச்சுவதை நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும். அவர் எழுந்த பிறகுதான் உண்மையான வேலையே தொடங்குகிறது. கில்லன் பாரேயில் பெரும்பாலானோர் ஆறு மாதத்துக்குள் தானாக நடந்துவிடுவார்கள் என்பது நல்ல செய்தி. அந்த ஆறு மாதமும் தூக்கி உட்கார வைப்பது, பிசியோதெரபி, கழிவறை எல்லாம் ஒரே ஆளின் இடுப்பில். மூளை அழற்சியிலிருந்து மீண்ட மனைவி சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவார், கணக்கு மறப்பார். கணவர் அதைக் குணம் என்று எடுத்துக்கொள்ளாமல் நோயின் மிச்சம் என்று எடுத்துக்கொள்ளப் பல மாதம் பிடிக்கும். நிறையப் பேருக்கு டிஸ்சார்ஜ் சம்மரியிலும் கடைசிவரை உறுதியான பெயர் இருக்காது. 'வைரஸாக இருக்கலாம்' என்று ஒரு வரி. மறுபடி வருமா என்ற பயத்தோடுதான் வீடு திரும்புகிறார்கள். ஒரு சாதாரணக் காய்ச்சல் வந்தாலும் விடிய விடிய நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபியும் வலி நிவாரணச் சேவையும் வீட்டுக்கே வருகின்றன. டிஸ்சார்ஜ் ஆனதும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிட்டால் ஆள் வருவார். பி.பி. கருவியும் கொண்டுவருவார்கள். நோயாளிக்குப் பார்த்து முடித்ததும், "அக்கா, நீங்களும் கையைக் காட்டுங்க" என்று சொல்ல அவர்களுக்குத் தனி உத்தரவு எதுவும் தேவையில்லை. அவர்கள் சொல்லாவிட்டாலும் நீங்களே கையை நீட்டலாம். தூக்கம் கெட்டு, மனசு படபடத்துக்கொண்டே இருந்தால் டெலி மனஸ் எண் 14416. இரவு இரண்டு மணிக்கும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. 104-ஐ அழைத்தாலும் ஆலோசனை கிடைக்கும். அட்டெண்டர்களும் கூப்பிடலாம்.